ஓசெல்லா பிக்கெட்டின் கைகள் நடித்த படம்

எங்கள் டன்லோவில் சினிமா எடுத்தது ஒரே ஒரு தடவைதான். 1984ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். பருத்தி வெடித்து வயலெல்லாம் வெள்ளையாக இருக்கும்போது எடுக்க வேண்டும் என்று கலிபோர்னியாவிலிருந்து நாள் பார்த்து வந்தார்கள். அவர்கள் வந்த வாரம் பார்த்து மூன்று நாள் மழை கொட்டி, இருந்த பருத்தியெல்லாம் சேற்றில் விழுந்துவிட்டது. மிசிசிப்பி டெல்டாவின் நடுவில் நின்றுகொண்டு, மருந்துக் கடையில் பஞ்சு வாங்கிச் செடிச் செடியாக ஒட்டினார்கள். ஒட்டுகிற வேலைக்கு ஊரில் பாதிப் பேர் போனோம்.

படத்தின் கதை சுலபமானது. பாஸ்டனில் வயலின் படிக்கிற இளைஞன் ஒருவன் மனசு உடைந்து, எங்கள் கறுப்பு ஜனங்களின் ப்ளூஸ் பாட்டைக் கற்றுக்கொள்ள எங்கள் பக்கம் வருகிறான். ஒரு பெரியவரைத் தேடிப் பிடிக்கிறான். அவர் முதலில் மாட்டேன் என்கிறார், பிறகு சொல்லிக்கொடுக்கிறார், பிறகு செத்துப்போகிறார். பையன் அழுதுகொண்டே வாசிக்கிறான், கூட்டம் கை தட்டுகிறது. பெரியவர் எதற்காகச் சாக வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. அவர்கள் படங்களில் எங்கள் ஆள் கடைசிவரை உயிரோடு இருந்தால்தான் கேட்டிருப்போம்.

பெரியவராக நடித்தது கிளியோத்தா பிக்கெட். நான் சொல்லப்போவது அவருடைய தம்பி மனைவி ஓசெல்லாவைப் பற்றி. நானும் அவளும் கெளுத்தி மீன் ஆலையில் அப்போதே பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் அறுத்தவர்கள். ஒரே சபை, ஒரே தெரு. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் அவள் போகிற இடத்துக்கெல்லாம் நானும் போயிருக்கிறேன்.

அப்போது ஓசெல்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. புருஷன் டெவிட் மெக்கானிக். தபாலில் ஒரு கிட்டார் வரவழைத்து, மூன்று மாதம் அதோடு சண்டை போட்டுத் தோற்று, ஆணியில் மாட்டிவிட்டான். அதை இறக்கி வாசித்தது இவள்தான். டெவிட்டின் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனர் குழாயை எடுத்து இடது கைச் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டு, கம்பிமேல் வழுக்கி வழுக்கி வாசிப்பாள். அந்தச் சுண்டு விரல் மடங்காது. ஆலையில் சேர்ந்த புதிதில் கத்தி பட்டு நரம்பு போய்விட்டது. குழாய் மாட்டுவதற்கென்றே செய்தது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

எங்களுடையது பரிசுத்த சபை. சினிமா கூடாது, உதட்டுச் சாயம் கூடாது, ப்ளூஸ் கூடவே கூடாது. ஆனால் ஆராதனையில் கிட்டார் உண்டு, டிரம்ஸ் உண்டு, எகிறிக் குதிக்கலாம், மயங்கி விழலாம். எந்தச் சுரத்தைச் சனிக்கிழமை சாராயக் கடையில் வாசித்தால் நரகமோ, அதையே ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்தால் பரலோகம். சபையில் பதினெட்டு வருஷமாக வாசித்தவள் ஓசெல்லா. வீட்டில் அவள் என்ன வாசித்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கதவையெல்லாம் சாத்திவிட்டு, கிட்டாரின் வயிற்றுக்குள் ஒரு குளியல் துண்டைத் திணித்துவிட்டு, சின்ன வயதில் சாராயக் கடைக்கு வெளியே நின்று கேட்ட ப்ளூஸ் பாட்டுகளை வாசிப்பாள். ஒரு பக்கத்து வீட்டில் சபை மூப்பர், இன்னொரு பக்கத்தில் மூப்பரின் தங்கை. துண்டு இல்லாமல் முடியாது.

கிளியோத்தாவுக்கு வயது அறுபத்தாறு. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் வாசித்த ஒரே வாத்தியம் பஸ் ஹார்ன். ப்ளூஸ் என்றால் அவருக்கு ஆகாது. ரேடியோவில் வெள்ளைக்காரர்களின் கௌபாய் பாட்டுகளும் டிவியில் மல்யுத்தமும்தான் உயிர். ஆனால் முகம் இருந்ததே, அது ஒரு முகம். கன்னத்தில் உழுதுபோட்ட மாதிரிக் கோடுகள். ஒரு கண் பாதி மூடியே இருக்கும்.

டைரக்டர் கேரிக் லிண்ட்ஹோம் அவரைக் கண்டுபிடித்தது முடிவெட்டும் கடை வாசலில். கிளியோத்தாவுக்கு அன்று கடைவாய்ப் பல்லில் வலி. தாடையைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். டைரக்டர் அந்த முகத்தில் முந்நூறு வருஷத் துயரத்தைப் பார்த்துவிட்டார்.

"ஐயா, நீங்க கிட்டார் வாசிப்பீங்களா?"

வாயைத் திறந்தால் உயிர் போகும். கிளியோத்தா தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, ஐயோ என்று ஆட்டினாரா என்பது கடைசிவரை அவருக்கே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நானும் ஓசெல்லாவும் அவள் சமையலறையில் பட்டர்பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம். கிளியோத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஓசெல்லா, ஒரு சின்ன உதவி வேணும்."

"சின்ன உதவின்னா தொப்பியோடயே கேப்பீங்களே, பெரியவரே. என்ன விஷயம்?"

"என்னைய சினிமாவுல போடறாங்க."

"எதுக்கு? பஸ் ஓட்டவா?"

"இல்ல. ப்ளூஸ் வாசிக்க."

நான் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பீன்ஸ் எல்லாம் தரையில் சிதறியது. ஓசெல்லா சிரிக்கவில்லை.

"உங்களுக்கு ரேடியோவையே நேராத் திருப்பத் தெரியாது. அந்தாள்கிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா?"

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன். பல்லப் புடுங்கின உடனே போயி சொல்லிட்டேன். மொகம் போதும், கைக்கு வேற ஆளு பாத்துக்கறேன்னுட்டாரு. அதான் உன்னைய சொன்னேன்."

"என்னையவா! பாஸ்டர் காதுல விழுந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"கைய பாத்து பாஸ்டருக்கு என்ன தெரியப்போவுது? கைல பேரா எழுதியிருக்கு?"

திங்கட்கிழமை சாயங்காலம் டைரக்டரே வந்தார். முழங்கால் மடிப்புகூடக் கலையாத புத்தம் புது விவசாயி உடுப்பு. ஓசெல்லா இரண்டு பாட்டு வாசித்தாள், துண்டோடுதான். அவர் பாட்டைப் பாதிதான் கேட்டிருப்பார். கண் முழுக்க அவள் கையில் இருந்தது. ஐஸ் தண்ணீரில் ஊறித் தடித்த தோல், ஒட்ட வெட்டிய நகம், புறங்கை முழுக்கக் கத்தித் தழும்பு.

"நாப்பது வருஷப் பருத்திக்காடு இந்தக் கைல இருக்கு," என்றார்.

"பருத்தி இல்லீங்க, கெளுத்தி," என்றாள் ஓசெல்லா. அவள் அப்பா ரயில்வேயில் மூட்டை தூக்கியவர். பருத்திச் செடியை அவள் காரில் போகும்போது பார்த்ததுதான்.

டைரக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஆம்பளைக் கையாகவே தெரிகிறது, கவலை இல்லை என்றார். அவளும் அதைக் காதில் வாங்காதது மாதிரி இருந்துகொண்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"என் பேரு எங்கயும் வரக் கூடாது. படத்துலயும் வேணாம், பேப்பர்லயும் வேணாம், வாய்ப்பேச்சா கூட வேணாம்."

டைரக்டரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவரே இதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "இவ்வளவு பயப்படறவ எதுக்கு ஒத்துக்கிட்ட?"

கிட்டாருக்குள் கையை விட்டுத் துண்டை வெளியே இழுத்தாள். "இது இல்லாம ஒரு தடவ வாசிச்சுப் பாக்கணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

படப்பிடிப்பு ரயில் தண்டவாளத்தை ஒட்டிய பழைய கிடங்கில். நாங்கள் வேலை முடித்து நேரே போவோம். கிளியோத்தாவின் சட்டையை ஓசெல்லாவுக்குப் போட்டு, கை பட்டனை மாட்டிவிடுவது என் வேலை. கையை மட்டும் தனியாக எடுப்பார்கள். ஒரு காட்சியில் முகமும் கையும் சேர்ந்து தெரிய வேண்டும் என்று, கிளியோத்தாவை முன்னால் உட்காரவைத்து, பின்னாலிருந்து ஓசெல்லாவின் கைகளை அவர் கோட்டுக்குள் நுழைத்து வெளியே எடுத்தார்கள்.

"ஏ, இடுப்புல இடிக்காத, கூச்சமா இருக்கு!"

"பேசாம துயரமா இருங்க, பெரியவரே. அதுக்குத்தான உங்கள கூட்டிட்டு வந்திருக்காங்க."

மேக்கப்காரப் பெண்ணும் பாவம் கஷ்டப்பட்டாள். பல்லைப் பிடுங்கியதும் கிளியோத்தாவின் துயரம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. மீதியை அவள்தான் தினமும் பென்சிலால் வரைந்தாள்.

பையனாக நடித்தவன் டோபி ரென்ஷா. மரியாதையான பிள்ளை, எல்லாரையும் மேடம் என்பான். அவனுக்கும் கிட்டார் தெரியாது. அவன் கைக்கு லாஸ் ஏஞ்சல்சிலிருந்து மர்ரே என்று ஒரு வழுக்கைத் தலை ஆளை விமானத்தில் கொண்டுவந்திருந்தார்கள். ஆக, படத்தில் வாசிக்கத் தெரியாத ஒருவர் வாசிக்கத் தெரியாத இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தார். கேமராவுக்குக் கீழே ஒரு மரப்பெட்டியில் மீன் அறுப்பவளும் இன்னொன்றில் வழுக்கைத் தலையும் உட்கார்ந்து, கம்பி முறுக்குவதைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்த நாளை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம். துண்டு இல்லை. முதல் தடவை கம்பியைத் தொட்டதும் வந்த சத்தத்தில் அவளே திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள். சுற்றிப் பார்த்தாள். மூப்பர் இல்லை, மூப்பரின் தங்கை இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மூன்று நிமிஷம் கேட்டார்கள். பதினோரு நிமிஷம் வாசித்தாள். சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்தவர்கள் வாயில் வைத்ததை மெல்லாமல் நின்றார்கள். எனக்குக் கழுத்தின் பின்பக்கம் சிலிர்த்தது. இந்த ஓசை முப்பது வருஷம் ஒரு குளியல் துண்டுக்குள் கிடந்திருக்கிறது.

முடிந்ததும் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரமாதம். இன்னும் கொஞ்சம் சோகமா இருக்கலாம்."

"இது சந்தோஷமான பாட்டுங்க. பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டான்னு ஒருத்தன் குதிக்கிறான்."

"அதேதான். அதையே சோகமா."

சோகமாகவும் வாசித்துக் கொடுத்தாள். படத்தில் வந்தது அதுதான்.

கடைசியாகக் கிளியோத்தா சாக வேண்டியிருந்தது. அதற்குப் பதினொரு டேக் ஆயிற்று. முதல் ஐந்தில் வயிறு ஏறி இறங்கியது. ஒன்றில் ஈ மூக்கில் உட்கார்ந்தது. எட்டாவதில் நன்றாகச் செத்திருந்தார். டைரக்டர் சத்தம் போடாமல் எல்லாருடைய தோளையும் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் குறட்டை கேட்டது.

அடுத்த வசந்தத்தில் கிரீன்வில்லில் படம் வந்தது. பாவாடைத் துணி எடுக்கப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, தலையில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே நுழைந்தோம். விளக்கு வருவதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்று திட்டம்.

திரை முழுக்க அவள் கை வந்தது. ஒரு விரல் ஒரு ஆள் உயரம். ஓசெல்லா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கை இப்படியா இருக்கு?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கையைத் தள்ளி நின்று பார்த்ததே இல்லை.

படம் முடிந்தது. எழுந்திரு என்று இழுத்தேன், எழுந்திருக்கவில்லை. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. வேன் ஓட்டியவர்கள், ஒயர் சுருட்டியவர்கள், நாய்க்குச் சாப்பாடு வைத்தவர் உட்பட எல்லாவற்றையும் உதட்டை அசைத்துப் படித்தாள். கடைசி வரி போய்த் திரை வெள்ளையானது.

"சோறு போட்டவங்க பேரு கூட இருக்கு," என்றாள்.

"நீதானடி வேணாம்னு சொன்ன?"

"நாந்தான் சொன்னேன்."

வரும் வழியில் துணிக்கடையில் நிறுத்தி ஒரு கஜம் வாங்கிக்கொண்டோம், சாட்சிக்கு.

அதற்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் லெமுவேல் கிராடி அந்தப் படத்தைப் பிரசங்கத்தில் எடுத்தார். ஓசெல்லா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம ஊருல எடுத்திருக்கான் பிள்ளைகளே, பிசாசோட படம்! அந்த மனுஷன் கிளியோத்தா பிக்கெட்டோட கைய பாருங்க. அது யாரு குடுத்த கை? கம்பி மேல பாம்பு மாதிரி ஊருது! அந்தச் சுண்டு விரல் இருக்கே, மடங்காது! மடங்கவே மாட்டேங்குது! பிசாசோட கொம்பு மாதிரி நிமுந்து நிக்குது!"

"ஆமென்!" என்றார்கள்.

"இப்ப இங்க பாருங்க. நம்ம சிஸ்டர் ஓசெல்லாவோட கை. இது கர்த்தர் குடுத்த கை! அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் வித்தியாசம் தெரியுதா, இல்லையா?"

"தெரியுது, பாஸ்டர்!"

ஓசெல்லாவைப் பார்த்தேன். அவள் முகம் முதலில் சாம்பலாக இருந்தது, பிறகு மெல்ல மாறியது. அவளுக்கு உறைத்த அதே நொடியில்தான் எனக்கும் உறைத்தது. சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாத பாஸ்டருக்குச் சுண்டு விரல் மடங்கவில்லை என்று எப்படித் தெரியும்? படத்தில் அது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் இரண்டாம் பாதியில்.

பிரசங்கம் முடிந்து பாட்டுக்குச் சைகை காட்டினார். ஓசெல்லா ஸ்பேனர் குழாயை மாட்டிக்கொண்டு, கிளியோத்தா சாவதற்கு முன்னால் வாசித்தாரே, அந்தப் பல்லவியை அப்படியே எடுத்தாள். ஒரு சுரம் மாற்றவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சபை எழுந்து நின்றது. கை தட்டியது. மூப்பர் குதித்தார், மூப்பரின் தங்கை பெஞ்சுகளுக்கு நடுவில் ஓடினாள். பாஸ்டர் கைக்குட்டையை வீசி, "இதுதான் பரிசுத்த ஆவி!" என்று கத்தினார்.

காணிக்கைத் தட்டு வரும்போது, சபையிலேயே மூத்தவளான மதர் பீஸ்லி குனிந்து ஓசெல்லாவின் காதில் ஏதோ சொன்னாள். வெளியே வந்ததும் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"'நல்லா இருந்துச்சும்மா, ஆனா பெரிய திரையில சத்தம் இன்னும் எடுப்பா இருந்துச்சு'ன்னாங்க."

எண்பத்தோரு வயது மதர் பீஸ்லி! அதன்பிறகு நாங்கள் கவனிக்க ஆரம்பித்தோம். மூப்பர் ஓசெல்லாவின் கையை ஒரு மாதிரிப் பார்ப்பார். அவர் தங்கை, "கிரீன்வில்லுல துணி மலிவு இல்ல?" என்பாள். சபையில் முக்கால்வாசிப் பேர் படம் பார்த்திருந்தார்கள். எல்லாருக்கும் அது யார் கை என்று தெரியும். வாயைத் திறந்தால் கொட்டகைக்குப் போனது வெளியே வந்துவிடும். அந்த ரகசியத்தைக் காப்பாற்ற ஓசெல்லா ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை.

இதற்குள் கிளியோத்தா பெரிய ஆளாகிவிட்டார். எங்கெங்கிருந்தோ வண்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு பாட்டு வாசியுங்கள் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் கை வலி என்று சமாளித்தார். பிறகு நல்ல பதிலாக ஒன்று கிடைத்தது: "அந்தப் படத்தோட கிட்டார கீழ வச்சுட்டேன். இனிமே தொடறதில்லைன்னு சத்தியம்." வாசிப்பதைவிட இது பெரிய விஷயமாகப் போய்விட்டது. வந்தவர்கள் கண் கலங்கினார்கள். ஹாலந்து நாட்டில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மேடையில் முக்கால் மணி நேரம் வாசிக்காமலே உட்கார்ந்துவிட்டு வந்தார். எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

ஒரு நாள் 'டெல்டாவின் கைகள்' என்று பொறித்த பித்தளைப் பலகையோடு ஓசெல்லா வீட்டுக்கு வந்தார். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"நியாயமா இது உனக்குத்தான் சேரணும், ஓசெல்லா."

"சரி, குடுங்க."

கிளியோத்தா பலகையை நீட்டினார். அவள் பிடித்தாள். அவர் விடவில்லை.

"இல்ல... வீட்டுக்கு வர்றவங்க எங்கன்னு கேப்பாங்க."

"அப்ப எதுக்கு கொண்டாந்தீங்க?"

"உன்கிட்ட சொல்லாம வச்சுக்க மனசு வரல."

பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அந்தக் கிட்டார்ப் பொய் ஒன்றைத் தவிர. பலகையை எடுத்துக்கொண்டு போனார். நான் பார்த்தபோது ஓசெல்லாவின் கையிலிருந்த உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது. அவள் இன்னும் சீவிக்கொண்டிருந்தாள்.

கிளியோத்தா 1989 ஜனவரியில் இறந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்துக்கொண்டே. இந்தத் தடவை ஒரே டேக். அடக்கத்துக்கு ஹாலந்திலிருந்து யோரிஸ் என்கிற இளைஞன் வந்திருந்தான். நல்ல பையன், கறுப்புக் கோட்டு வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தான். அடக்கத்தில் ஓசெல்லா வாசித்தாள். சாப்பாட்டின்போது யோரிஸ் தட்டை வைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"மேடம், நீங்க அவரைப் பாத்துக் கத்துக்கிட்டீங்களா?"

"கூடவேதான் இருந்தேன்," என்றாள்.

"தெரியுது. கிட்டத்தட்ட அவர் மாதிரியே வருது. ஒரு இடத்துல மட்டும் தப்பு. தப்பா எடுத்துக்காதீங்க. நான் அந்தப் படத்த நாப்பது தடவ பாத்திருக்கேன். அந்த எடத்துல அவர் கை மேல போகாது, கீழ வரும்."

எனக்குக் கோபம் வந்தது. ஓசெல்லா கிட்டாரை அவனிடம் நீட்டினாள். "காட்டு, ராசா."

வாசித்துக் காட்டினான். விஷயம் எனக்குப் புரிந்தது. படத்தை வெட்டி ஒட்டினவர்கள் ஒரு பாட்டின் சத்தத்துக்கு வேறொரு பாட்டின் கையைப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து உலகத்தில் இல்லாத ஒரு வழியைக் கற்றுவைத்திருக்கிறான். ஓசெல்லா அவன் சொன்ன மாதிரியே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை தலையை ஆட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. இது எனக்குத் தோணவே இல்ல பாரு."

"கவலப்படாதீங்க, பழகினா வந்துடும்," என்று யோரிஸ் தேற்றினான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு மணிக்கட்டு போனது. ஆலையில் எல்லாருக்கும் போகிறதுதான். நிமிஷத்துக்கு இத்தனை மீன் என்று கணக்கு. ஒரே வெட்டு, ஒரே திருப்பு, பத்தொன்பது வருஷம். காலையில் காபிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் எடுப்பாள். கத்தியிலிருந்து எடுத்துப் பெட்டி அடுக்கும் பக்கம் போடுங்கள் என்று யூனியன் மூலமாக எழுதிக் கொடுத்தோம். வேலையினால் வந்த நோய் என்று ஆலை டாக்டர் ஒத்துக்கொண்டால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

டாக்டர் அவளிடம் வீட்டு வேலை பற்றி, பிள்ளைகள் பற்றியெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசியில் எங்கள் சபையின் ஞாயிற்றுக்கிழமைத் தாளை மேஜைமேல் போட்டிருக்கிறார். 'இசை: சிஸ்டர் ஓ. பிக்கெட்' என்று அதில் இருந்தது. யார் கொண்டுபோய்க் கொடுத்தார்களோ, தெரியாது. எத்தனை வருஷமாக வாசிக்கிறாய் என்று கேட்டதற்கு, நாற்பது இருக்கும் என்று இவளும் சொல்லியிருக்கிறாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஆலைச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து நான்தான் படித்தேன். "விண்ணப்பதாரர் ஓசெல்லா பிக்கெட் சுமார் நாற்பது ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்துவரும் தேர்ந்த இசைக் கலைஞர். இவரது மணிக்கட்டு நோய்க்குத் தொடர்ந்த, தீவிரமான இசைப் பயிற்சியே காரணம் என்று கருதுகிறேன். ஆலைப் பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை."

எனக்கு ரத்தம் கொதித்தது. யூனியன்காரர் ரூஸ்வெல்ட் சிம்ஸ் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"விடக் கூடாது சிஸ்டர்," என்றார். "இது ரொம்ப சுலபம். நான் வாசிக்கறவளே இல்ல, சபையில சும்மா கம்பிய தட்டுவேன், ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம், அவ்வளவுதான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பாஸ்டரும் போடுவாரு. மாசக் கடைசிக்குள்ள உங்கள பெட்டிப் பக்கம் மாத்திடலாம்."

ஓசெல்லா கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது. திருப்பி என்னிடமே கொடுத்தாள்.

"அந்த மொத வரிய இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"டாக்டர் கையெழுத்து இருக்கா?"

"இருக்கு. ஆலை முத்திரையும் இருக்கு."

"சிஸ்டர், தாள் கொண்டுவரட்டுமா?" என்றார் சிம்ஸ்.

"வேணாங்க."

"வேணாமா? அந்தாளு சொல்றது பொய்யி சிஸ்டர்! கத்தியால வந்த வலி இது."

"ரெண்டாவது வரி பொய்யி. மொத வரி பொய்யில்லையே. நான் எப்படி அத இல்லன்னு எழுதறது?"

சிம்ஸ் என்னைப் பார்த்தார். அரை மணி நேரம் மன்றாடிப் பார்த்தார். அப்படியானால் வாசிப்பதையும் ஒத்துக்கொண்டு, வலி கத்தியால் வந்தது என்றும் எழுதுவோம் என்றார். அப்படி எழுதினால் நிற்காது என்று அவரே சொல்லிக்கொண்டார். மணி அடித்தது. ஓசெல்லா கடிதத்தை நான்காக மடித்து உடுப்புக்குள் வைத்துக்கொண்டு, ரப்பர் ஏப்ரனைக் கட்டினாள்.

இன்னும் மூன்று வருஷம் அந்தக் கத்தியைத்தான் பிடித்தாள். வலது கைக்கு அறுவை சிகிச்சை ஆன பிறகு, ஆலையே அவளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது மூப்பரின் பேரன் வாசிக்கிறான். சுமாராகத்தான் வாசிப்பான். ஓசெல்லா முதல் வரிசையில் உட்கார்ந்து, அவன் எங்கே தப்பினாலும் ஆமென் சொல்லாமல் விட்டுவிடுவாள். அதனால் பையன் நாளுக்கு நாள் பயந்து பயந்து நன்றாக வாசிக்கிறான்.